பாதிச் சலாம்

தாராவி
7 ஜூலை 2024

என் மகள் சஃபீனாவுக்கு, வாப்பா ஷேக் பரீத்தின் சலாம் முதலில். உனக்கும் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைத் தரட்டும். நானும் உம்மாவும் இருக்கிற சுகத்தோடு இருக்கிறோம்.

எனக்கு நேர்ந்த ஒரு அவமானத்தைச் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். செவ்வாய்க்கிழமை உம்மாவின் ரிப்போர்ட்டை வாங்க பிசியோதெரபி சென்டருக்குப் போனேன். வாசலில் ஆள் உயரத்துக்கு ஒரு புது மெஷின் நிறுத்தியிருக்கிறார்கள். முன்னால் போய் நின்றதும், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்று ஒரு பெண்பிள்ளையின் குரல் வந்தது. சலாம் வந்தால் பதில் சொல்வது கடமை அல்லவா? நெஞ்சில் கையை வைத்து, "வ அலைக்குமுஸ்ஸலாம் வரஹ்மத்துல்லாஹ்" என்று முழுசாகச் சொன்னேன். அதோடு விட்டிருக்கலாம். வீட்டில் எல்லோரும் சுகமா என்று ஹிந்தியில் விசாரித்தும் தொலைத்தேன். அது, "டோக்கன் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றது. பின்னால் நின்ற லைன் முழுக்கச் சிரித்தது. ஒருத்தன், "சாச்சா, பச்சோங்கா நாம் பி பூச் லோ" என்றான். அதன் பிள்ளைகள் பெயரையும் கேட்டுக்கொள்ளவேண்டுமாம்.

இதை ஃபோனில் சொல்லாமல் ஏன் எழுதுகிறேன் என்று நினைப்பாய். நம் ரூமின் நீள அகலம் உனக்குத் தெரியும். உம்மாவின் கட்டிலுக்கும் நான் ஃபோன் பேசும் இடத்துக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்தான். பிப்ரவரியில் அவள் பக்கவாதம் வந்து விழுந்ததிலிருந்து, அவள் காதில் விழாமல் ஒரு வார்த்தை பேச எனக்கு இடம் இல்லை. பட்டறையிலிருந்து பேசினால் தோல் தைக்கிற மெஷின் சத்தத்தில் நீ கத்தச் சொல்லுவாய்; நான் கத்தினால் தொண்ணூறு அடி ரோடு முழுக்கக் கேட்கும். அவளுக்கு எழுத்து வாசிக்க வராது. ஆகவே கடிதம்தான் பத்திரம். பதிலைப் பட்டறை விலாசத்துக்கு எழுது. உன் தமிழ் நாலாம் கிளாஸோடு நின்றது என்று வெட்கப்படாதே. நான் எட்டாவது பாஸ். பாஸ் என்று நான்தான் சொல்லிக்கொள்கிறேன்.

நீ மூளை மாதிரி வேலை செய்கிற சிப் பண்ணும் இடத்தில் இருக்கிறாய். அதனால் கேட்கிறேன். எனக்குச் சலாம் சொன்ன அந்த மெஷினுக்குள்ளே ஒரு மனசு, ஒரு துளியாவது, இருக்கிறதா இல்லையா?

நேரத்துக்குச் சாப்பிடு.
வாப்பா

பெங்களூர்
19 ஜூலை 2024

வாப்பாவுக்கு சஃபீனா சலாம். நான் சுகம். உங்க முட்டி வலி எப்படி இருக்கு? என் அரையில ஃபேன் ஓடலை, வேர்த்து ஊத்துது, அதனால எழுத்து கோணலா இருக்கும்.

கடிதத்தை ரூம்மேட் முன்னாடி படிச்சுச் சிரிச்சு மாட்டிக்கிட்டேன். வாப்பா, அந்த மெஷின்ல யாரும் இல்லை. ஆள் வந்தா சலாம், அடுத்தது டோக்கன், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். அதைவிடப் பெரிய மெஷின்கள் மனுஷங்க மாதிரியே பேசுது. அதுகளும் இந்த வார்த்தைக்கு அப்புறம் வழக்கமா எந்த வார்த்தை வரும்னு பார்த்துச் சொல்லுதுக. வாய் மட்டும்தான் இருக்கு. உள்ள அர்த்தம் புரிஞ்சுக்கிற ஆள் இல்லை. அதனால உங்க சலாம் வேஸ்ட்.

எங்க சிப் வேற மாதிரி, நரம்பு மாதிரி. ஆனா அதுவும் சிப்தான். கவலைப்படாம இருங்க.

சஃபீனா

தாராவி
28 ஜூலை 2024

மகளுக்கு வாப்பாவின் சலாம். முட்டி இருக்கிறது, வலியும் இருக்கிறது, இரண்டும் ஒற்றுமையாக இருக்கின்றன. 'அறை' என்று எழுதவேண்டியதை 'அரை' என்று எழுதி ரூமைப் பாதியாக்கிவிட்டாய். நம் ரூமுக்கு அதுதான் பொருத்தம்.

நீ எழுதியதை நாலு தடவை வாசித்தேன். ஒரு இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். உம்மாவுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் சாதனா மேடத்திடம் போன வாரம் பெருமையாகச் சொன்னேன்: "மேடம், எந்த வார்த்தையும் வராட்டியும் சலாம் சொன்னா மட்டும் பதில் சுத்தமா வருது, பாருங்க." அந்தப் பெண் வருத்தத்தோடு, "அங்கிள், அது தானா வர்ற பேச்சு. ஐம்பது வருஷம் சொன்ன பழக்கம். மூளையில அர்த்தம் புரியுற இடம் அடிபட்டாலும் வாய் சொல்லிடும். அதை வெச்சு அவங்களுக்குப் புரியுதுன்னு நினைக்காதீங்க" என்றது.

உண்மைதான். தண்ணீர் வேண்டுமா என்றால் விழிக்கிறாள். என் பெயரைச் சொல் என்றால் விழிக்கிறாள். சலாம் சொன்னால் எல்லோருக்கும் முழுசாகப் பதில். முன்பெல்லாம் அவளிடம் முழுசு வாங்க நான் எவ்வளவு பாடுபடவேண்டும் என்று உனக்குத் தெரியும். இப்போது எனக்கும் கேஸ் சிலிண்டர்காரனுக்கும் ஒரே சலாம்.

வாய் இருக்கிறது, உள்ளே ஆள் இல்லை என்று டோக்கன் மெஷினைச் சொன்னாய். அப்படியானால் உம்மாவை என்ன சொல்வாய்? முட்டாள்தனமாகக் கேட்டால் மன்னித்துவிடு. எனக்கு அவசரமாகத் தெரியவேண்டியிருக்கிறது. உன் மாமா தௌஃபீக், உம்மாவை ஊருக்கு, மேலப்பாளையத்துக்கு அனுப்பிவிடச் சொல்கிறான். "மச்சான், அங்க நீங்க பட்டறையைப் பாப்பியளா, மதீனாவைப் பாப்பியளா? இங்க நாலு பொம்பளைய இருக்காங்க. அவளுக்கு இனிமே பம்பாயும் ஒண்ணுதான், மேலப்பாளையமும் ஒண்ணுதான்" என்கிறான். பகலில் பக்கத்து ரூம் ஃபர்ஸானா பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கும் பிள்ளைகுட்டி இருக்கிறது.

உள்ளே உம்மா இல்லையென்றால் அனுப்பலாம். இருக்கிறாள் என்றால், அவளைக் கேட்காமல் சாமானைப் போல எப்படி ஏற்றி அனுப்புவேன்? பதில் எழுது.

வாப்பா

தாராவி
1 செப்டம்பர் 2024

மகளுக்குச் சலாம். இருவரும் சுகம்.

ஒரு மாதம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் மழையைப் பற்றிக் கேட்கிறாய், நான் வெயிலைப் பற்றிச் சொல்கிறேன். எழுதியதற்கு மட்டும் பதில் இல்லை. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பெல்ட்டுக்கு ஐந்து ஓட்டை போடவேண்டிய இடத்தில் ஏழு போட்டுவிட்டேன். ஒல்லியானவர்களுக்கு ஆகும் என்று சமாளித்தேன்.

வாப்பா

பெங்களூர்
14 செப்டம்பர் 2024

வாப்பாவுக்கு சலாம். சுகம். வேலை ஜாஸ்தி, அதான் எழுதலை.

மூளையில இருக்கிற ஒவ்வொரு செல்லும் பக்கத்து செல்லைத் தட்டிவிடுது. அது அடுத்ததைத் தட்டும். எந்த செல்லுக்கும் சலாம்னா என்னன்னு தெரியாது. எங்க சிப்லயும் அதேதான். உங்க மூளையிலயும் அதேதான். தட்டுற வழி உடைஞ்சா அதுல ஓடின விஷயமும் போயிரும். உம்மாவோட ஸ்கேன் நான் பார்த்தேன்.

மாமா சொல்றது சரி. அனுப்பிருங்க வாப்பா.

சஃபீனா

தாராவி
22 செப்டம்பர் 2024

மகளுக்கு வாப்பாவின் சலாம். உடம்புக்கு ஒன்றும் இல்லை.

செல் செல்லைத் தட்டும் கதை புரிந்தது. சாயங்காலம் தாதரில் நான் ரயிலை விட்டு இறங்குவதும் இப்படித்தான். பின்னால் இருப்பவன் என்னைத் தள்ளுகிறான், நான் முன்னால் இருப்பவனைத் தள்ளுகிறேன். இறங்க நினைக்காத நாளிலும் இறக்கிவிட்டிருக்கிறார்கள். ஆனாலும் மகளே, பிளாட்பாரத்தில் செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கிறவன் நான்தானே? தள்ளினது கூட்டம், நிற்கிறது நான். இதற்கு உன் படிப்பில் என்ன சொல்கிறார்கள்?

நீ சொன்னபடி டிக்கெட் போடுகிறேன். அடுத்த மாதம் இருபத்தாறாம் தேதி, தாதர் திருநெல்வேலி வண்டி. போட்டுவிட்டால் மனசு அடங்கும் என்று பார்க்கிறேன். இரண்டு தடவை ஸ்டேஷன் வரை போய் டீ குடித்துவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. பக்ரீத்துக்கு ஐந்து நாள் லீவு என்று வந்தவள் மூன்றாம் நாளே ஏன் போனாய்? ஆபீசில் கூப்பிட்டார்கள் என்றாய். உன் ஃபோன் அன்றைக்கு முழுக்கச் சார்ஜில் கிடந்தது. யாரும் கூப்பிடவில்லை.

வாப்பா

பெங்களூர்
6 அக்டோபர் 2024

வாப்பாவுக்கு சலாம். இந்தத் தடவை சுகம்னு எழுத வரலை.

பெருநாளைக்கு மறுநாள் நீங்க பட்டறைக்குப் போயிருந்தீங்க. நான் டிவி போட்டேன். வாழ்த்து நிகழ்ச்சி. ஒவ்வொருத்தரா வந்து சலாம் சொன்னாங்க. உம்மா ஒவ்வொருத்தருக்கும் பதில் சொன்னாங்க, வாப்பா. முழுசா. துணி சோப்பு விளம்பரத்துல ஒருத்தன் சொன்னான், அவனுக்கும். நான் எண்ணினேன். பதினோரு தடவை. அப்புறம் டிவியை அணைச்சிட்டு உம்மா முகத்துக்கு நேரா உக்காந்து, "உம்மா, நான் யாரு?"ன்னு கேட்டேன். என்னைத் தாண்டிப் பார்த்தாங்க.

எது சொன்னாலும் பதில் சொல்ற ஒண்ணு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நாள் முழுக்க அதுகளோடதான் உக்காந்திருக்கேன். என் உம்மாவையும் அப்படிப் பார்க்க முடியலை. அதான் ஓடி வந்தேன். அதான் அனுப்பிருங்கன்னு எழுதினேன். அங்க போயிட்டா நான் பார்க்க வேண்டாம்ல.

சஃபீனா

தாராவி
15 அக்டோபர் 2024

என் கண்ணான மகளுக்கு வாப்பாவின் சலாம். அழுதுகொண்டே எழுதியிருக்கிறாய். 'வாப்பா'வின் மேல் மை கரைந்திருக்கிறது. என் பெயரை நனைத்ததில் எனக்கு ஒன்றும் வருத்தம் இல்லை.

நீ படித்த பிள்ளை, கணக்கு நன்றாகப் போடுவாய். ஆனால் ஒருத்தனைக் கணக்கில் விட்டுவிட்டாய். டோக்கன் மெஷினுக்குச் சலாம் சொல்லி அதன் வீட்டாரைச் சுகம் விசாரித்தவன் யார்? உன் வாப்பா. மூளையில் அடைப்பு கிடப்பு எதுவும் இல்லாமல், காலையில் இரண்டு இட்லி தின்றுவிட்டுப் போய், முழு அறிவோடு சொன்னேன். டிவிக்குச் சொன்னதால் உம்மாவுக்குள் ஆள் இல்லை என்றால் எனக்குள்ளும் இல்லை. சலாம் வந்தால் ஆள் பார்க்காமல் பதில் சொல்வது நம் வாய். அந்த வாயை வைத்து ஆளைத் தீர்மானிக்காதே.

டிக்கெட் போட்டுவிட்டேன். நாளைக்கு மீதியை எழுதுகிறேன், பட்டறைப் பையன் ஹமீது பெல்ட் பக்கிளோடு வந்து நிற்கிறான்.

19 அக்டோபர்

நாளைக்கு என்றேன், நாலு நாள் ஆகிவிட்டது. சஃபீனா, உட்கார்ந்து வாசி.

பதினைந்தாம் தேதி சாயங்காலம் தௌஃபீக் ஃபோன் பண்ணினான். கையில் டீ இருந்ததால் புத்திகெட்டு ஸ்பீக்கரில் போட்டேன். "இருபத்தாறாம் தேதி ஏத்திருங்க மச்சான், நாங்க இறக்கிக்கிடுதோம்" என்றான். சரி என்று வைத்துவிட்டேன். உம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தாள். கீழே போய்ப் பால் வாங்கிக்கொண்டு மாடி ரூமுக்கு ஏணியில் ஏறி வந்து, வழக்கம்போலச் சலாம் சொன்னேன்.

"வ அலைக்கும்" என்றாள்.

அவ்வளவுதான். 'உங்கள் மீதும்' என்றதோடு நின்றுவிட்டது. சலாம் வரவில்லை. உனக்குத் தெரியுமே, முப்பது வருஷமாக என்மேல் கோபம் வந்தால் அவள் செய்கிற வேலை இது. பதில் சொல்லாவிட்டால் பாவம் என்று பாதியைச் சொல்லுவாள். சமாதானத்தை மட்டும் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுவாள். பிப்ரவரிக்குப் பிறகு ஒரு தடவைகூட அவள் எனக்குப் பாதி சொன்னதில்லை.

பாலைக் கொட்டிவிட்டேன். இன்னொரு தடவை சலாம் சொன்னேன். "வ அலைக்கும்." ஓடிப்போய் ஃபர்ஸானாவைக் கூட்டிவந்தேன். "அஸ்ஸலாமு அலைக்கும் மாமி" என்றாள். அவளுக்கு முழுசு! வரஹ்மத்துல்லாஹ்வோடு! ஃபர்ஸானா என்னைப் பார்த்து, "என்ன பண்ணினிய மாமு?" என்றாள். அவளுக்கே தெரிந்துவிட்டது.

மறுநாள் காலையில் முதல் ஆளாகப் போய் டிக்கெட்டைக் கேன்சல் பண்ணினேன். கேன்சல் பண்ணின சீட்டை உம்மாவிடம் காட்டினேன். முகத்தில் ஒன்றும் இல்லை. பதிலும் பாதிதான். அவள் கோபம் எப்போதும் மூன்று நாள். நேற்றோடு மூன்று நாள் முடிந்தது. இன்று காலையில் முழுசு கிடைத்தது. எனக்கு இப்போது பாதிமேல்தான் ஆசையாக இருக்கிறது.

உன் சிப் என்றைக்காவது உன்மேல் கோபித்துக்கொண்டு பாதிப் பதில் சொன்னால் எழுது. அன்றைக்கு அதற்கும் நான் நெஞ்சில் கைவைத்துச் சலாம் சொல்கிறேன்.

வாப்பா

பெங்களூர்
29 அக்டோபர் 2024

வாப்பாவுக்கு சலாம். சாப்டியளா?

சாதனா மேடத்துக்கு ஃபோன் பண்ணினேன். களைப்பா இருந்தாலும் பாதியில நிக்கும்னு சொன்னாங்க. ஃபர்ஸானா விஷயத்தைச் சொன்னதும், "நான் வந்து பார்க்கிறேன்"னாங்க.

ஒருத்தருக்குப் பாதி, ஒருத்தருக்கு முழுசுன்னு மெஷினுக்கும் சொல்லிக்கொடுக்கலாம் வாப்பா. ஒரு சாயங்காலம் போதும். ஆனா 'இருபத்தாறு'ன்னா தன்னை அனுப்பப்போறாங்கன்னு தெரிஞ்சு, அதுக்கு நோகணும்ல? நோகிற மாதிரி காட்ட வைக்கலாம். நோகுமான்னு எனக்குத் தெரியலை. என்னைக்காவது நோகுமோன்னும் தெரியலை. ஆபீஸ்ல இந்த 'தெரியலை'யைச் சொல்ல முடியாது. உங்ககிட்ட சொல்றேன்.

எட்டாம் தேதி அங்க வர உத்யான் ரயிலுக்கு டிக்கெட் எடுத்துட்டேன். உம்மாகிட்ட சொல்லுங்க. சொன்னா கேட்கும்ல.

சஃபீனா

பெங்களூர்
24 நவம்பர் 2024

வாப்பாவுக்கு சலாம். பத்திரமா வந்து சேர்ந்தேன். நீங்க கட்டிக்கொடுத்த மாசிச் சம்பலை ரூம்மேட் தின்னு தீர்த்துட்டா.

ஏணியில ஏறி வந்து சலாம் சொன்னேனே, உம்மா எனக்குப் பாதிகூடத் தரலையே! அஞ்சு மாசம் வராததுக்கு. நீங்க பின்னாடி நின்னு, "உனக்கு என்னைவிட ஜாஸ்தி ரேட்டு"ன்னு சிரிச்சீங்க. ராத்திரி சோறு ஊட்டும்போது என் கையைத் தட்டிவிட்டாங்க. அப்புறம் அதே கையைப் பிடிச்சு, விடவே இல்லை. வலது கை அசையாது, இடது கையால. அது போதும் எனக்கு. ஸ்கேனை இனிமே பார்க்க மாட்டேன்.

ஒண்ணு பார்த்தேன், கேக்கணும். நீங்க உள்ளே வரும்போது சலாம் சொல்றீங்க. காலையில வேலைக்குப் போகும்போது மட்டும் ஒண்ணும் சொல்லாம, செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு ஏணியில இறங்கிப் போயிடுறீங்க. பத்து நாளும் அப்படித்தான். நீங்க இறங்கின அப்புறமும் உம்மா வாசலையே பார்த்துக்கிட்டு இருக்காங்க, நீங்க திரும்பிப் பார்க்கிறதே இல்லை. ஏன் வாப்பா?

சஃபீனா

தாராவி
5 டிசம்பர் 2024

மகளுக்கு வாப்பாவின் சலாம். நீ கேட்டதற்கு ஒரு வாரமாக வேறு வேறு பதில் எழுதிக் கிழித்தேன். முட்டி வலி என்று ஒன்று, ஏணி வழுக்கும் என்று ஒன்று. ஒன்றும் நிற்கவில்லை.

பிப்ரவரியில் அவள் விழுந்த அன்று காலையில் எங்களுக்குச் சண்டை. உம்மாவின் பழைய குக்கரை நான் பேரீச்சம்பழக்காரனுக்குப் போட்டுவிட்டேன். "என்னைக் கேக்காம என் சாமானை எப்படிக் குடுப்பிய?" என்று கேட்டாள். கைப்பிடி உடைந்த குக்கர். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. எனக்கும் வீம்பு வந்தது. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏணியில் இறங்கினேன்.

பாதி இறங்கியிருப்பேன். மேலேயிருந்து அவளே முதலில், "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றாள். முழுசாக. மூன்று நாள் கோபத்தை மூன்று நிமிஷத்தில் முடித்துக்கொண்டு சொன்னாள். எனக்குக் காதில் விழுந்தது. கேட்காதவன் போல இறங்கிப் போனேன். மெஷினுக்கே முழுசாகப் பதில் சொல்கிறவன், அன்றைக்கு அவளுக்குப் பாதிகூடச் சொல்லவில்லை. பதினொரு மணிக்கு ஃபர்ஸானா ஃபோன் பண்ணினாள்.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ சலாம் சொல்லிவிட்டேன். எல்லாம் நானாகச் சொன்னது. அவள் சொன்னதற்குப் பதில் இன்னும் பாக்கி நிற்கிறது. காலையில் அந்த ஏணிக்கு வந்ததும் அதுதான் முதலில் வாய்க்கு வருகிறது; அதைச் சொல்லாமல் வேறு சலாம் வரமாட்டேன் என்கிறது. அவளுக்குள் யாரும் இல்லை என்று சாதனா சொன்னபோது, உன்னிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு ஓரத்தில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. இல்லாதவளுக்கு ஞாபகமும் இருக்காது அல்லவா? இப்போது இருக்கிறாள். வாசலைப் பார்க்கிறாள் என்று நீயே எழுதிவிட்டாய்.

நாளைக் காலையில் சொல்லிப் பார்க்கிறேன். வருமோ என்னவோ. கை முந்திக்கொள்ளட்டும் என்று இங்கே எழுதிவைக்கிறேன்.

வ அலைக்குமுஸ்ஸலாம், மதீனா.